பக்திக்கு வசூல் உண்டா?

1905ஆம் ஆண்டு. திருச்சியில் ரயில்வே அலுவலகத்தில் படம் வரையும் குமாஸ்தாவாக இருந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். டூபான் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் சினிமா காட்டும் இயந்திரத்தோடு ஊர் ஊராக வந்தவர், உடல்நலம் கெட்டுத் திருச்சியோடு பயணத்தை நிறுத்திக்கொண்டார். அவரிடமிருந்த இயந்திரத்தையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். சம்பளம் வந்துகொண்டிருந்த வேலையை விட்டார். கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். அவர் கையிலிருந்த படங்களில் முக்கியமானது இயேசுநாதரின் வாழ்க்கையைச் சொல்லும் ஊமைப்படம். தென்னிந்தியாவில் பல ஊர்க்காரர்கள் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்த சினிமாவே அதுதான்.

சில ஆண்டுகள் கழித்து, நாம் இன்று வசிக்கும் இதே மும்பையில், கிர்காம் பக்கம் ஒரு கொட்டகையில் தாதாசாகேப் பால்கே என்பவரும் ஓர் இயேசு படத்தைப் பார்த்தார். திரையில் இயேசு நடக்க, அவர் மனத்தில் ராமனும் கிருஷ்ணனும் நடந்தார்களாம். நம் தெய்வங்களை எப்போது இப்படித் திரையில் பார்ப்போம் என்ற ஏக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த ஏக்கத்தின் பலன், 1913இல் கிர்காமின் கொரொனேஷன் கொட்டகையில் வெளியான 'ராஜா ஹரிச்சந்திரா'.

ஆக, சினிமா நம் நாட்டில் காலூன்றியதே பக்தியின் கையைப் பிடித்துக்கொண்டுதான். கடவுள் கதை என்றால் காசு வரும் என்ற நம்பிக்கையும் அன்றே பிறந்துவிட்டது. அந்த நம்பிக்கை சரிதானா? வேதாகமக் கதைகளையும் விசுவாசத்தையும் வைத்துப் படம் எடுத்தவர்கள் உண்மையில் சம்பாதித்தார்களா?

இந்தக் கேள்வி பட அதிபர்களுக்கு மட்டும் உரியது என்று தள்ளிவிட முடியாது. சில ஆண்டுகளாகப் பக்திப் படங்களின் பெயரால் சாமானிய மக்களிடம் இரண்டு விதமான கோரிக்கைகள் வைக்கப்படுகின்றன. ஒன்று, "இந்தப் படத்துக்கு டிக்கெட் வாங்குவது உங்கள் கடமை" என்பது. மற்றது, "இந்தப் படத்துக்கு நீங்களே முதல் போடுங்கள்" என்பது. அமெரிக்காவில் இரண்டும் பெரிய அளவில் நடந்துவிட்டன. நாளை நம் வீட்டு வாசலுக்கும் வரலாம். அதற்கு முன்பு கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

பிரம்மாண்டத்தின் காலம்

ஹாலிவுட்டில் வேதாகமக் கதைகளுக்குப் பெரிய சந்தை உண்டு என்று காட்டியவர் செஸில் பி. டெமில். 1923இல் 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்தை ஊமைப்படமாக எடுத்தார். அதே பெயரில் 1956இல் வண்ணத்தில், சார்ல்டன் ஹெஸ்டனை மோசேயாக வைத்து மறுபடியும் எடுத்தார். செலவு சுமார் 1.3 கோடி டாலர். அந்தக் காலத்துக்கு அது கண்ணைக் கட்டும் தொகை. ஆனால் அந்த ஆண்டு வந்த படங்களிலேயே அதிகம் வசூலித்தது அதுதான். செங்கடல் பிளந்த காட்சியை மதம் பாராமல் உலகமே வாயைப் பிளந்து பார்த்தது. 1973 முதல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டர் சமயத்தில் அதை ஒளிபரப்பி வருகிறது.

1959இல் 'பென்ஹர்' வந்தது. செலவு சுமார் 1.5 கோடி டாலர். பணமுடையில் தத்தளித்துக்கொண்டிருந்த எம்.ஜி.எம். நிறுவனம் எல்லாவற்றையும் இந்த ஒரே படத்தின்மேல் பணயம் வைத்தது. படம் 11 ஆஸ்கார் விருதுகளை வாங்கியது, நிறுவனமும் பிழைத்தது.

இவற்றின் வெற்றிக்கு விசுவாசம் மட்டும் காரணமில்லை. 1950களில் அமெரிக்க வீடுகளுக்குள் தொலைக்காட்சிப் பெட்டி நுழைந்துவிட்டது. மக்களை வீட்டைவிட்டு வெளியே வரவழைக்க, சின்னப் பெட்டியில் காட்ட முடியாத ஒன்றைத் தியேட்டர்காரர்கள் காட்டியாக வேண்டியிருந்தது. அகலத்திரையான சினிமாஸ்கோப்பில் 1953இல் வந்த முதல் படம் 'தி ரோப்'. இயேசு சிலுவையில் அறையப்பட்டபோது அணிந்திருந்த அங்கியைப் பற்றிய கதை அது. அகன்ற திரைக்கு ஏற்ற பெரிய கதைகள் வேதாகமத்தில் தயாராக இருந்தன. கதைக்கு உரிமைத்தொகை கொடுக்க வேண்டாம். விளம்பரமும் பாதி முடிந்த மாதிரி.

ஆனால் பிரம்மாண்டம் எத்தனை நாள் ஓடும்? 1965இல் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் 'தி கிரேட்டஸ்ட் ஸ்டோரி எவர் டோல்ட்' என்று இயேசுவின் வாழ்க்கையை எடுத்தார். செலவு 2 கோடி டாலர். சின்னச் சின்ன வேடங்களில்கூடப் பெரிய நட்சத்திரங்கள். சிலுவையருகே நிற்கும் ரோமானிய அதிகாரியாக, கௌபாய் படங்களின் நாயகன் ஜான் வெய்ன் வந்து நின்றார். பார்த்தவர்கள் இயேசுவை விட்டுவிட்டு, "அதோ ஜான் வெய்ன்!" என்று கைநீட்டினார்கள். படம் போட்ட பணத்தைக்கூட எடுக்கவில்லை. அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், வேதாகமக் கதை என்றாலே பெரிய நிறுவனங்கள் தயங்கின. 1998இல் வந்த 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' என்ற மோசேயின் கார்ட்டூன் படம் நன்றாக ஓடியது ஒரு விதிவிலக்கு.

கணக்கை எப்படிப் பார்ப்பது?

மேலே போகும் முன் ஒரு சின்னக் கணக்குப் பாடம். "படம் இத்தனை கோடி வசூல்" என்று பத்திரிகையில் வரும் தொகை தயாரிப்பாளர் பெட்டிக்குப் போவதில்லை. அது டிக்கெட் விற்ற மொத்தப் பணம். அமெரிக்காவில் அதில் தோராயமாகப் பாதியைத் தியேட்டர்காரர் எடுத்துக்கொள்வார். வெளிநாட்டு வசூலில் தயாரிப்பாளருக்கு வருவது பெரும்பாலும் இன்னும் குறைவு. தயாரிப்புச் செலவு என்று சொல்லப்படும் தொகையில் விளம்பரச் செலவு சேராது. பெரிய படங்களுக்கு விளம்பரமே தயாரிப்புச் செலவில் பாதியை எட்டும். சில சமயம் அதற்குச் சமமாகவே வந்து நிற்கும்.

ஆகவே தயாரிப்புச் செலவைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு வசூலானால்தான் தியேட்டர் ஓட்டத்தில் போட்ட முதல் திரும்பும் என்பது அந்தத் தொழிலில் சொல்லப்படும் பொதுவான கணக்கு. தொலைக்காட்சி உரிமை, குறுந்தகடு போன்றவை அதற்குமேல் வருபவை. இந்த அளவுகோலை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றது எளிதாக விளங்கும்.

2004: ஒரு சாம்பல் புதன்

நடிகர் மெல் கிப்சன், இயேசுவின் கடைசிப் பன்னிரண்டு மணி நேரத்தைப் படமாக எடுக்க விரும்பினார். பாத்திரங்கள் அரமேயம், எபிரேயம், லத்தீன் ஆகிய மொழிகளில்தான் பேசுவார்கள் என்றார். பெரிய நட்சத்திரங்கள் இல்லை. பார்க்கச் சகிக்காத ரத்தக் காட்சிகள் வேறு. பெரிய நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. தன் சொந்த நிறுவனத்தின் பணம் சுமார் 3 கோடி டாலரைப் போட்டு எடுத்தார். 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' 2004 பிப்ரவரி 25ஆம் தேதி, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று வெளியானது.

அமெரிக்காவில் மட்டும் 37 கோடி டாலர். உலகம் முழுவதும் 61 கோடி டாலர். 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்கக் கூடாத 'ஆர்' சான்றிதழ் பெற்ற படங்களில், அமெரிக்க வசூலில் இதுவே இருபது ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. 2024இல்தான் இன்னொரு படம் அதைத் தாண்டியது.

இது எப்படி நடந்தது? வெளியீட்டுக்குப் பல மாதங்கள் முன்பிருந்தே கிப்சன் போதகர்களுக்கும் குருக்களுக்கும் படத்தைப் போட்டுக் காட்டினார். அவர்கள் தங்கள் சபைகளில் பேசினார்கள். பல திருச்சபைகள் முழுத் தியேட்டரையும் மொத்தமாகப் பிடித்து விசுவாசிகளைப் பேருந்தில் அழைத்துப் போயின. ஆண்டில் பல மாதங்கள் சினிமாப் பக்கமே போகாதவர்கள்கூட வரிசையில் நின்றார்கள். யூதர்களைப் படம் தவறாகச் சித்திரிக்கிறது என்ற கடுமையான கண்டனம் எழுந்தது. அந்தச் சர்ச்சையும் விளம்பரமாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, தவக்காலத்தில் இந்தப் படத்தைப் பார்ப்பது ஒரு தியானம் போல ஆகிவிட்டது. பொழுதுபோக்குக்கு வருகிறவன் மழை பெய்தால் வரமாட்டான். நேர்ச்சையாக வருகிறவன் மழையிலும் வருவான்.

உடனே ஹாலிவுட் விழித்துக்கொண்டது. ஃபாக்ஸ் நிறுவனம் 2006இல் விசுவாசப் படங்களுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சோனியும் தொடங்கியது. 2006 கிறிஸ்துமஸ் சமயத்தில் 'தி நேட்டிவிட்டி ஸ்டோரி' என்று இயேசு பிறப்பின் கதை வந்தது. வாடிகனிலேயே முதல் காட்சி. யாரும் குறை சொல்ல முடியாத, மரியாதையான படம். செலவு 3.5 கோடி டாலர். உலக வசூல் 4.6 கோடி. நம் அளவுகோலில் வைத்துப் பாருங்கள், நஷ்டம்.

வேதாகமம், கிறிஸ்துமஸ், வாடிகன் மூன்றும் இருந்தும் கூட்டம் வரவில்லை. கதை ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் சபையில் பிள்ளைகளே நடித்துக் காட்டுகிறார்கள். இந்த வாரமே தியேட்டருக்குப் போய்ப் பார்த்தாக வேண்டும் என்ற உந்துதல் யாருக்கும் இல்லை. 'பேஷன்' படத்தில் அந்த உந்துதல் இருந்தது.

பெரிய கப்பல்கள் தள்ளாடிய கதை

2014இல் ஹாலிவுட் மறுபடியும் பிரம்மாண்டத்துக்குத் திரும்பியது. டேரன் அரனாஃப்ஸ்கியின் 'நோவா' 12.5 கோடி டாலர் செலவில் வந்தது. வேதாகமத்தில் இல்லாத கல் உருவ ராட்சதர்கள் பேழை கட்ட உதவினார்கள்; நோவாவோ தன் பேத்திகளையே கொல்லத் துணிந்தார். விசுவாசிகள் முகம் சுளித்தார்கள். இது வேதாகமக் கதையால் தூண்டப்பட்ட கற்பனை என்று விளம்பரங்களில் ஒரு விளக்கத்தைச் சேர்க்க வேண்டிய நிலை பாரமவுண்ட் நிறுவனத்துக்கு ஏற்பட்டது. இறைத்தூதர்களை உருவமாகக் காட்டுவது கூடாது என்று ஐக்கிய அரபு நாடுகள், கத்தார், இந்தோனேசியா போன்றவை படத்தைத் தடை செய்தன. உலக வசூல் சுமார் 36 கோடி டாலர். தப்பிப் பிழைத்தது என்று சொல்லலாம். அமெரிக்காவில் மட்டும் கிடைத்தது 10 கோடிதான். மற்றது வெளிநாட்டில் வந்தது.

அதே ஆண்டு கடைசியில் ரிட்லி ஸ்காட்டின் 'எக்ஸோடஸ்' வந்தது. செலவு 14 கோடி டாலர். எகிப்தியர்களாகவும் எபிரேயர்களாகவும் வெள்ளைக்காரர்களை நடிக்க வைத்தது ஒரு குறை. கடவுளை ஒரு சிறுவனாகக் காட்டியது இன்னொரு குறை. உலக வசூல் சுமார் 27 கோடி, அமெரிக்காவில் 6.5 கோடி மட்டும். 2016இல் 'பென்ஹர்' கதையை மறுபடி எடுத்தார்கள். செலவு சுமார் 10 கோடி டாலர்; உலகம் முழுவதும் டிக்கெட் விற்ற மொத்தப் பணமே 9.4 கோடிதான். எம்.ஜி.எம்.மைக் காப்பாற்றிய அதே கதை, அதே ரதப் போட்டி. இந்த முறை கரை சேரவில்லை.

இந்த வகைப் படங்களுக்கு ஓர் இக்கட்டு உண்டு. செலவு 10 கோடி டாலரைத் தாண்டினால், விசுவாசிகளின் டிக்கெட் பணம் மட்டும் போதாது. மற்றவர்களும் வர வேண்டும். மற்றவர்களை இழுக்கக் கதையில் சண்டையும் ராட்சதரும் புது விளக்கமும் சேர்க்க வேண்டும். அதைச் சேர்த்தால் விசுவாசிகள், "இது எங்கள் கதை இல்லை" என்று எழுந்துவிடுவார்கள். இருவரையும் திருப்திப்படுத்தப் போய் இருவரையும் இழந்த படங்கள்தான் அதிகம்.

ஒரு சபை எடுத்த படம்

இதற்கு நேர் எதிரான பாதையைக் காட்டியது ஒரு தேவாலயம். ஜார்ஜியா மாநிலத்தில் அல்பனி என்ற நகரத்தில் ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபை இருக்கிறது. அங்கே ஊழியம் செய்துவந்த அலெக்ஸ் கென்ட்ரிக், ஸ்டீபன் கென்ட்ரிக் என்ற சகோதரர்கள், சபையாரையே நடிகர்களாகவும் வேலையாட்களாகவும் வைத்துப் படம் எடுத்தார்கள். நடித்த சபையாருக்குச் சம்பளம் கிடையாது. சமைத்துப் போட்டதும் சபையார்தான். 2006இல் வந்த 'ஃபேசிங் தி ஜயண்ட்ஸ்' படத்தின் செலவு 1 லட்சம் டாலர். வசூல் 1 கோடி டாலருக்குமேல்.

2008இல் 'ஃபயர்புரூஃப்'. முறிந்துபோகும் நிலையிலிருக்கும் ஒரு தாம்பத்தியத்தின் கதை. செலவு 5 லட்சம் டாலர், வசூல் 3.3 கோடி. நாயகனாக நடித்த கிர்க் கேமரன் தன் மனைவியைத் தவிர வேறு பெண்ணை முத்தமிட மாட்டார் என்பதால், அந்த ஒரு காட்சிக்கு அவருடைய சொந்த மனைவியையே நாயகிபோல உடுத்தி, நிழலுருவமாகப் படம்பிடித்தார்கள். சினிமாக்காரர்கள் சிரித்திருக்கலாம். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு அதுவே பெரிய உத்தரவாதம். படத்தை எடுத்தவர்கள் தங்களைப் போலவே வாழ்கிறவர்கள் என்ற நம்பிக்கை அது. 2015இல் அதே சகோதரர்கள் எடுத்த 'வார் ரூம்' படத்தின் செலவு 30 லட்சம் டாலர். வசூல் சுமார் 7.4 கோடி.

இந்தப் படங்கள் கலை நயத்தில் சிறந்தவை என்று யாரும் சொல்லவில்லை. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆனால் லாப விகிதத்தைப் பாருங்கள். வேதாகமத்தின் பெரிய கதைகளைத் தொட்ட பெரிய நிறுவனங்கள் தள்ளாட, ஒரு வீட்டின் ஜெப அறையைக் காட்டியவர்கள் இருபது மடங்குக்குமேல் வசூலித்தார்கள். இந்தக் கணக்கில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, விசுவாசப் படத்தின் நட்சத்திரம் நடிகரும் இல்லை, செட்டும் இல்லை. பார்க்க வருகிறவர்களுக்கும் எடுத்தவர்களுக்கும் நடுவே உள்ள நம்பிக்கைதான். இரண்டு, அந்தச் சந்தைக்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்குள் செலவு செய்தவன் பிழைத்தான்.

அமெரிக்காவில் வயது வந்தோரில் பத்துக்கு ஆறு பேர் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். சந்தை கடல்போல இருப்பதாகத் தோன்றும். ஆனால் கத்தோலிக்கர், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று ஒவ்வொருவர் ரசனையும் வேறு. போதகர் சொன்னால் தியேட்டருக்குக் கிளம்பும் கூட்டம் அதில் ஒரு பகுதிதான்.

டிக்கெட்டும் காணிக்கையும்

நான் முதலில் சொன்ன இரண்டு கோரிக்கைகளுக்கு இப்போது வருவோம். இயேசுவின் வாழ்க்கையைத் தொடராக எடுக்க விரும்பிய டல்லஸ் ஜென்கின்ஸ் என்ற இயக்குநருக்கு, 'தி சோசன்' என்ற அந்தத் தொடரின் முதல் பகுதிக்காகச் சுமார் 16,000 சாதாரண மக்கள் சேர்ந்து 1 கோடி டாலருக்குமேல் முதல் போட்டார்கள். தொடர் உலகப் புகழ் பெற்றது. அதன் சில பகுதிகள் தியேட்டர்களிலும் ஓடின.

அதை முதலில் வெளியிட்ட ஏஞ்சல் நிறுவனம் 2023இல் 'சவுண்ட் ஆஃப் ஃப்ரீடம்' என்ற படத்தை வெளியிட்டது. இது வேதாகமக் கதை இல்லை. குழந்தைக் கடத்தலைப் பற்றியது. 2018இலேயே எடுத்து முடிக்கப்பட்டு, வெளியிட ஆளின்றிக் கிடந்த படம். அதன் முடிவில் நாயகன் திரையில் தோன்றி, டிக்கெட் வாங்க வசதியில்லாதவர்களுக்காக நீங்கள் டிக்கெட் வாங்கித் தாருங்கள் என்று கேட்டார். மக்கள் தங்களுக்கும் வாங்கினார்கள்; முகம் தெரியாதவர்களுக்கும் வாங்கினார்கள். அமெரிக்காவில் மட்டும் 18 கோடி டாலர் வசூல். டிக்கெட் விற்றும் சில இருக்கைகள் காலியாகக் கிடந்தன என்று பேச்சு எழுந்தது. நிறுவனம் அதை மறுத்தது. 2025 ஈஸ்டர் சமயத்தில் அதே நிறுவனம் கொரியாவில் தயாரான 'தி கிங் ஆஃப் கிங்ஸ்' என்ற கார்ட்டூன் படத்தை வெளியிட்டது. அமெரிக்காவில் 6 கோடி டாலர் வந்தது.

இது புதுவகை வியாபாரம். டிக்கெட் இங்கே பாதி காணிக்கை. பாதி ஓட்டுச் சீட்டு. "நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம், பாருங்கள்" என்று உலகத்துக்குக் காட்ட வாங்கும் டிக்கெட். அதில் தவறில்லை. ஆனால் வெற்றி பெற்ற படங்களின் பெயர்தான் நம் காதில் விழும். 2023 கிறிஸ்துமஸை ஒட்டி வந்த 'ஜர்னி டு பெத்லகேம்' என்ற பாட்டுப் படம் வந்த சுவடு தெரியாமல் போனதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? முதல் போடச் சொல்லும்போது வென்ற படத்தின் கணக்கைக் காட்டுவார்கள். தோற்றவற்றின் கணக்கை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நம் பக்கத்துக் கதை

இந்த விதி அமெரிக்காவுக்கு மட்டும் உரியதா? நம் நாட்டு அனுபவமும் அதையே சொல்கிறது.

1948இல் 'ஞானசௌந்தரி' என்ற கிறிஸ்தவக் கதையைத் தமிழில் இரண்டு நிறுவனங்கள் ஒரே ஆண்டில் எடுத்தன. ஒன்று சிட்டாடல். மற்றது 'சந்திரலேகா' எடுத்த ஜெமினி. பணபலம் ஜெமினியிடம். மக்கள் கொண்டாடியதோ சிட்டாடல் படத்தை. டி.ஆர். மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும் நடித்த அந்தப் படத்தில், பி.ஏ. பெரியநாயகியும் ஜிக்கியும் பாடிய மாதா பாட்டு, கிறிஸ்தவர் வீடு இந்து வீடு என்ற வித்தியாசமின்றி எங்கும் ஒலித்தது. தன் படம் எடுபடவில்லை என்று தெரிந்ததும் வாசன் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

1975இல் 'ஷோலே', 'தீவார்' என்ற இரண்டு பெரிய படங்களோடு, முன்னணி நட்சத்திரம் இல்லாத 'ஜெய் சந்தோஷி மா' என்ற சின்ன இந்திப் படமும் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். திரைமுன் ஆரத்தி எடுத்தார்கள். பூவும் காசும் வீசினார்கள். அந்த ஆண்டின் பெரிய வெற்றிப் படங்களில் அதுவும் ஒன்றாயிற்று. மும்பையின் பழைய ஆட்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள்.

2023இல் ராமாயணத்தை வைத்து 'ஆதிபுருஷ்' வந்தது. சுமார் 500 கோடி ரூபாய் செலவு என்றார்கள். ஒவ்வொரு தியேட்டரிலும் அனுமனுக்காக ஓர் இருக்கை காலியாக விடப்படும் என்று அறிவித்தார்கள். முதல் மூன்று நாள் கூட்டம் அலைமோதியது. அனுமன் பேசிய தெருப்பேச்சு வசனத்தைக் கேட்டதும் மக்கள் கொதித்தார்கள். வசனத்தை அவசரமாக மாற்றியும் பலனில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலையில், 'மகாவதார் நரசிம்மா' என்ற கார்ட்டூன் படம் ஓசையில்லாமல் வந்தது. முதல் நாள் இந்தியாவில் 2 கோடி ரூபாய்கூடத் தேறவில்லை. பார்த்தவர்கள் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தாத்தா பாட்டிமார் பேரப் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். முடிவில் 300 கோடி ரூபாயைத் தாண்டியது. அனுமனுக்கு இருக்கை ஒதுக்கியவர்களிடம் கிடைக்காத ஒன்றைப் பிரகலாதன் கதையில் மக்கள் கண்டார்கள். அது மரியாதை.

வசூலே இல்லாமல் வென்ற படங்களும் உண்டு. 1979இல் வெளிவந்த 'ஜீசஸ்' என்ற ஆங்கிலப் படம் தியேட்டரில் பெரிதாகச் சாதிக்கவில்லை. ஆனால் 2,000க்கும் மேற்பட்ட மொழிகளில் பேசவைக்கப்பட்டு, கிராமம் கிராமமாக இலவசமாகக் காட்டப்பட்டது. உலகில் அதிக மொழிகளில் பேசும் படம் அதுதான். 1978இல் பீம்சிங் இயக்கத்தில் விஜயசந்தர் இயேசுவாக நடித்த 'கருணாமயுடு' என்ற தெலுங்குப் படமும் கிராமங்களைத் தேடிப் போனது. வேறு மொழிகளில் பேசவைக்கப்பட்டு, பல ஆண்டுகள் கிராமத்துத் திடல்களில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டப்பட்டது.

சரி, நாம் என்ன செய்வது?

ஆண்டவன் கதை என்பதற்காக மட்டும் கூட்டம் வருவதில்லை. தங்கள் கதையை மதித்துச் சொல்கிறார்கள் என்ற நம்பிக்கை பிறந்தால் வருகிறது. அந்த நம்பிக்கைக்குள் அடங்கும் செலவில் எடுத்த படம் லாபம் பார்க்கிறது. அதை மீறிச் செலவழித்த படம், நம்பாதவர்களையும் வென்றாக வேண்டும். டெமில் வென்றார், அவருக்குப் பின் வந்தவர்களில் வென்றவர்கள் சிலரே. மெல் கிப்சன் 'பேஷன்' படத்தின் தொடர்ச்சியை இரண்டு பகுதிகளாக எடுக்கப் போவதாக 2025இல் அறிவிப்பு வந்தது. முதல் படத்தின் அதிசயம் இரண்டாவதற்கும் கிடைக்கும் என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

நம் குடும்பங்களுக்கு மூன்று யோசனைகள்.

முதலாவது, கோயிலிலோ சபையிலோ மொத்த டிக்கெட் கொண்டுவந்து நீட்டினால், வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க விருப்பம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். வாங்காவிட்டால் பக்தி குறைந்துவிடாது. மோசமான படத்துக்குக் கடமையாக டிக்கெட் வாங்கினால், அடுத்ததும் அப்படித்தான் வரும்.

இரண்டாவது, முதல் போடச் சொன்னால் அது காணிக்கையா, முதலீடா என்பதை முதலில் மனத்தில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். காணிக்கை என்றால் திரும்ப எதிர்பார்க்க வேண்டாம். முதலீடு என்றால் மொத்தச் செலவு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு, வெளியிடுகிறவர் யார், தியேட்டர் பங்கும் விளம்பரச் செலவும் போக மிஞ்சியதில் யாருக்கு முதலில் பணம் போகும் என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். "ஆண்டவன் காரியத்தில் கணக்குக் கேட்கலாமா?" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். ஊரைவிட்டு வந்து, ஓவர்டைம் பார்த்து, பெண் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம் அது.

மூன்றாவது, பிள்ளைகளோடு படம் பார்த்துவிட்டு வந்தால், படத்தில் வந்தது எது, வேதத்தில் உள்ளது எது என்று வீட்டில் பேசுங்கள். நோவாவின் பேழையையும் கல் ராட்சதரையும் சேர்த்து நம்பி வளரும் பிள்ளைக்குக் கதையைத் திருத்திச் சொல்ல, இங்கே தாத்தா பாட்டி பக்கத்தில் இல்லை. அந்த வேலையும் நம்முடையதே.

சாமிக்கண்ணு வின்சென்ட் பிறகு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். அவருடைய கூடாரத்துக்குள் காசு கொடுத்து நுழைந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் இல்லை. கடமை என்று யாரும் அவர்களை அனுப்பவில்லை. இருட்டில் வெளிச்சம் அசைந்ததைப் பார்க்க வந்தார்கள். பார்த்துவிட்டுப் போய்ப் பக்கத்து ஊர்க்காரர்களிடம் சொன்னார்கள். பக்திப் படமானாலும் வேறு படமானாலும், ஒருவர் வாய் இன்னொருவர் காதில் சொல்லும் அந்தச் சொல்லைவிடப் பெரிய விளம்பரம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.